இங்கே நன்றாகத்தான் தெரிகிறது

2001-ஆம் வருஷவாக்கில், கும்பகோணம் மாதிரியான ஊர்களில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்து, சென்டருக்கு ஒரு ஏ.சி. அறை அமைந்து, அந்த அறைக்குள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் பிரவேசிக்க வேண்டும் என்ற ஆசாரமும் கோயிலுக்குச் சமானமாக நிலைபெற்றிருந்த நாட்களில், ஸ்ரீமான் இழுத்துவிடுவார் என்று நான் மனசுக்குள் நாமகரணம் செய்து வைத்திருக்கும் என் நண்பர், 45 நாள் வகுப்பில் 20 நாள் மட்டும் ஆஜராகி, 'வெப் டிசைனர்' ஆகி வெளியே வந்தார். பாக்கி 25 நாள் என்னவாயிற்று என்று கேட்டேன். எச்.டி.எம்.எல். என்ற பாஷையைக் கையால் எழுதப் பழக்குகிற பாடம் அந்த நாட்களில்தான் வருகிறதாம். ஆனால் 20-ஆம் நாள் சாயங்காலமே சிநேகிதர் ஒருவர் மென்பொருள் ஒன்றை சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டபடியால், அந்தப் பாடத்துக்கே அவசியமில்லாமல் போய்விட்டதாம். "மாவு மில்லு வந்தப்புறம் திருகையை எதுக்குங்க சுத்தணும்?" என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. என் வீட்டிலும் திருகை இல்லை.

அவருடைய சிருஷ்டித் தொழில் முழுவதும் இரண்டே காரியங்களில் அடங்கிவிடும்: ஒன்றைப் பிடித்து இழுப்பது, வேண்டிய இடம் வந்ததும் விட்டுவிடுவது. படமா, இழு, விடு. பொத்தானா, இழு, விடு. ஜபமாலையைப் பற்றிய கையைப்போல் அவர் வலக்கை மௌஸைவிட்டு அகலாது. இடக்கையோ காபி டம்ளருக்கென்றே ஒழிவாக இருக்கும். அந்த மென்பொருளை விற்றவர்கள் அதற்கென்று ஒரு மகாவாக்கியமும் அருளியிருந்தார்கள்: நீ எதைப் பார்க்கிறாயோ அதுவே உனக்குக் கிடைக்கும். காண்பதெல்லாம் மாயை என்று பெரியவர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சொல்லிவந்த தேசத்தில், காண்பதெல்லாம் சத்தியம் என்று ஒரு சி.டி. வந்து சொன்னால், வாலிப உள்ளம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அவருக்கு வாய்த்த முதல் கிராக்கி, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் பாத்திரக்கடை முதலாளி. முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரில் இருந்தார். அங்குள்ள தமிழர்களெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தே விளக்கு வாங்கிவிடுவார்கள் என்று அவர்தான் டெலிபோனில் ஆசை காட்டியவர். இழுத்துவிடுவார் வேலையை ஆரம்பித்த அன்று நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 'நல்வரவு' என்று தலைப்பை அடித்தார். அது இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நடுவுக்குக் கொண்டுவர மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு என்பது எனக்கே தெரியும்; ஆனால் அவர் ஸ்பேஸ் பாரைத் தட்ட ஆரம்பித்தார். நான் எண்ணினேன், 34 தட்டு. தலைப்பு நடுவுக்கு வந்து நின்றதும், மாப்பிள்ளையை மணையில் உட்கார்த்திவைத்த புரோகிதரைப்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு வந்தவை அந்தக் காலத்து வெப் பக்கங்களின் சர்வாபரணங்கள். வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் நடுங்கும் சுடர். இன்னும் எழுதப்படாத பக்கங்களில் மஞ்சள் பலகையின்மேல் நின்று, வருஷக்கணக்கில் மண்ணை வெட்டிக்கொண்டேயிருந்தும் ஒரு கூடை மண்ணும் வெளியே கொட்டாத அந்தச் சின்ன மனிதன். அடியில், வந்துபோனவர்களின் தொகையைக் காட்டும் கவுன்ட்டர். அதை எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்பதைக் கண்டுபிடித்த இழுத்துவிடுவார், மொய் எழுதும் மரபை அனுசரித்து 10,001 என்று வைத்தார். "ஒண்ணுன்னு காட்டுனா ஆளுங்க உள்ளே வர யோசிப்பாங்க" என்பது அவர் விளக்கம். காலியாக இருக்கும் ஓட்டலுக்குள் நுழையத் தயங்குகிற நமது சுபாவத்தை அறிந்தவர்.

இப்படிப்பட்ட பக்கத்தின் முதுகுப்பக்கம் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியவர் வேறொருவர்; அவரைப் பிற்பாடு அறிமுகம் செய்கிறேன். உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் வசதி ஒன்று உண்டல்லவா? அதை அவர் திறந்தார். 'நல்வரவு' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றி 11 வரிகள் இருந்தன. எழுத்தின் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம், மறுபடியும் சிவப்பு என்று இழுத்துவிடுவார் மாற்றிய ஒவ்வொரு தடவையும், மென்பொருள் பழைய உத்தரவை அழிக்காமல் அதன்மேலேயே புதிய உத்தரவைப் போர்த்திவைத்திருந்தது, சுரண்டாமலே வருஷா வருஷம் வெள்ளையடித்த சுவரைப்போல. அந்த 34 தட்டுக்களும், ஒன்றுவிடாமல், வெற்றிடக் குறிகளாக வரிசையில் நின்றன. இடையிடையே, உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லாத பத்திக் குறிகள். இழுத்து வேறிடத்தில் விட்ட பொருள்கள் காலிசெய்துபோன வீடுகள் அவை.

காட்டியவர் இழுத்துவிடுவாரின் தெருவிலேயே கோடிவீட்டுக்காரர். நோட்பேடு வைதிகர் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் எழுத்தைத் தவிர வேறொன்றும் அறியாத நோட்பேடில், கோண அடைப்பு ஒவ்வொன்றையும் தம் விரலால் அடித்து, திறந்த குறியை மூடிவிட்டோமா என்று மூன்று தரம் சரிபார்த்து எழுதுகிறவர். மென்பொருள் எழுதிய வரியைத் தொட நேர்ந்தால் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று ஊரில் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. நிறத்தையும் அளவையும் தனியே எழுதிவைக்க சி.எஸ்.எஸ். என்ற முறையை 1996 டிசம்பரிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்களே, இந்த மனிதர் இன்னும் எழுத்துக்கு எழுத்து வர்ணம் பூசுகிறாரே என்று அங்கலாய்த்தார். (இதை நான் இழுத்துவிடுவாரிடம் கொண்டுபோய்ச் சொன்னபோது, சி.எஸ்.எஸ். என்பது மன்னார்குடி மார்க்கத்தில் ஓடும் பஸ் கம்பெனி என்று நினைத்து, அதன் நேர ஒழுங்கைப் பாராட்டினார்.)

வைதிகருக்கும் சொந்தமாக ஒரு பக்கம் இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது. அதில் அவர் பெயர், ஒரு கோடு, 'இப்பக்கம் நோட்பேடில் எழுதப்பட்டது' என்ற ஒரு முத்திரை, இலக்கண சுத்தமானது என்று இன்னொரு முத்திரை, இவ்வளவுதான். விஷயத்தை எப்போது எழுதப்போகிறீர்கள் என்று கேட்டால், 1999 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.01 வந்துவிட்டது, பழைய அடித்தளத்தை அதற்கேற்ப மாற்றிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பார். முத்திரைக்கு மேலே ஒரு விஷயம் வந்து நான் பார்க்கவில்லை.

வைதிகர் தமக்கு ஆதிகுருவாகக் கொண்டாடுகிறவர் டிம் பெர்னர்ஸ்-லீ. இங்கேதான் வேடிக்கை. 1990-இல், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் ஒன்றில் அவர் இயற்றிய முதல் உலாவி, படிக்க மட்டுமல்ல, எழுதவும் ஆன கருவியாகவே இருந்தது. குறிகள் கண்ணில் படாமலே பக்கத்தை அதில் திருத்தலாம். இந்தக் கோண அடைப்புகளை ஜனங்கள் கையால் எழுதுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. நெக்ஸ்ட் இல்லாத மற்றவர்களுக்காக அவசரத்தில் வேறு உலாவிகள் பிறந்தபோது, எழுதும் பாகத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்கும் பாகத்தை மட்டும் செய்தார்கள். அந்த ஊனத்தால்தான் கையால் எழுதும் பழக்கமே ஏற்பட்டு, பிறகு அதுவே சம்பிரதாயமும் ஆயிற்று. 1995-இல் வெர்மீர் என்ற சிறு கம்பெனி ஃபிரன்ட்பேஜ் என்ற மென்பொருளை வெளியிட்டதும், 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கியதும், 1997 டிசம்பரில் மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர், நீங்கள் கையால் எழுதிய வரிகளை நான் கலைக்கமாட்டேன் என்ற சத்தியப்பிரமாணத்துடன் அரங்கேறியதும், விட்டுப்போன அந்தப் பாதியைத் தேடிய கதைதான். ஆகையால் ஆதிகுரு இன்று கும்பகோணத்துக்கு எழுந்தருளினால் எந்த வீட்டில் பாதபூஜை ஏற்றுக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வைதிகரிடம் இதைச் சொல்லிப்பார்த்தேன். அவர் நோட்பேடை மூடிவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்றார்.

என் பட்சபாதம் இழுத்துவிடுவார் பக்கந்தான் என்பதை மறைப்பானேன்? பத்து நாளில் ஒரு கடைக்குப் பக்கம் போட்டு முடித்தவர் அவர். அவரிடம் நான் கண்ட குறை வேறு. தம் திரையில் தெரிவது ஒரு சித்திரம் என்றும், அந்தச் சித்திரமே அப்படியே கம்பிவழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேருகிறதென்றும் அவர் மெய்யாகவே நம்பினார். போவது சித்திரமல்ல, ஒரு கடிதம். 'இந்தத் தலைப்பைப் பெரிதாக எழுது, இந்த இடத்தில் இன்ன படத்தை எடுத்து வை' என்று சொல்லும் சமையல் குறிப்பு. அதைப் படிக்கிறவர் வீட்டு உலாவி தன் அடுப்பில், தன் பாத்திரத்தில், தனக்குக் கிடைத்த சாமானைக் கொண்டு சமைக்கிறது. இதை அவருக்கு விளங்கவைக்கலாம் என்று ஒருநாள் மூலத்தைத் திறக்கச் செய்தேன். ஆர்வத்தோடு ஒரே ஓர் அடைப்புக்குறியை அழித்தார். பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தடித்த எழுத்தாக மாறிப் படமெடுத்தது. பாம்புப் பெட்டியை மூடுகிறவர்போல் மூடினார். அப்புறம் திறக்கவேயில்லை.

பக்கம் ஏறிய மறுநாள் காலை முதலாளியின் டெலிபோன் வந்தது.

"தம்பி, சிங்கப்பூர்லேருந்து மச்சான் பேசினாரு. ஒரு வெளக்கையும் காணோமாம். கட்டம் கட்டமா இருக்காம், கட்டத்துக்குள்ளே செவப்பா ஒரு பெருக்கல் குறியாம்."

"இங்கே நல்லாத் தெரியுதே, முதலாளி."

"அங்கே தெரியலைங்கறாரேப்பா."

"அவங்க சிஸ்டத்துலதான் கோளாறு. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க."

சிங்கப்பூர்க்காரர் ஆஃப் செய்து ஆன் செய்தார். கட்டம் கட்டமாகவே இருந்தது. விஷயம் இதுதான்: படம் எங்கே இருக்கிறது என்ற விலாசத்தை, இழுத்துவிடுவாரின் கம்ப்யூட்டரில் சி டிரைவில் மை டாக்குமென்ட்ஸில் உள்ள ஒரு ஃபோல்டராகவே மென்பொருள் எழுதிவைத்துவிட்டது. மைத்துனரின் உலாவி, விசுவாசமுள்ள வேலைக்காரனைப்போல், மைத்துனரின் சொந்த சி டிரைவுக்குள் போய், கும்பகோணத்துக் குத்துவிளக்கை ஒவ்வொரு தடவையும் தேடிவிட்டுக் கையை விரித்தது.

ஒருவழியாகப் படங்களையும் செர்வரில் ஏற்றினார். இப்போது பாதி விளக்குகள் எரிந்தன. மறுபாதியின் கோப்புப் பெயர்களில் கடைசி மூன்று எழுத்து, கேமராவிலிருந்து வந்தபடியே, பெரிய எழுத்தாக இருந்தது. பக்கத்திலோ சிறிய எழுத்து. அவருடைய விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும் பெருந்தன்மை வாய்ந்தது; செர்வரில் இருந்த யூனிக்ஸ் அப்படிப்பட்ட தாட்சண்யம் அறியாதது. அதையும் சரிசெய்தபின், படங்கள் வந்தன. ஆனால் நிதானமாக வந்தன. பெரிய படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துத் திரையில் சிறிதாக்கினால் படமே சிறிதாகிவிட்டது என்று அவர் எண்ணியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட்டுக்குக் குறையாமல் அப்படியே இருந்தது. 56 கிலோபிட் மோடம் தன் முழுவேகத்தில் ஓடினாலும் ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அது முழுவேகத்தில் ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உச்சியில் உள்ள அன்னப்பட்சி முதலில் தலையை நீட்டும். மைத்துனர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவார். அன்னத்தின் கழுத்து வந்திருக்கும்.

தமிழ் எழுத்தின் கதை தனி. யூனிகோடு பரவாத அந்த நாட்களில், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டு, அடுத்ததோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. இழுத்துவிடுவாரின் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'நல்வரவு', தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் ஊர்வலமாகத் தெரிந்தது. இதற்கு அவரே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்தார். 'இப்பக்கம் சரியாகத் தெரியாவிட்டால் இங்கே அழுத்தி எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று உச்சியில் கொட்டை எழுத்தில் எழுதினார். அதே எழுத்துருவில்.

"இங்கே நல்லாத் தெரியுதே" என்றார் என்னிடம்.

முதலாளி பொறுமைசாலி, ஆனால் பித்தளைக்குக் கொடுத்தாலும் பாட்டுக்குக் கொடுத்தாலும் எடைபார்த்துப் பணம் கொடுக்கிற பரம்பரை. பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பக்கத்தைத் தாமே பார்த்துவிட்டு, கொம்பு முளைத்த எழுத்துக்களைப்பற்றி மட்டும் விசாரித்து, பணத்தை நிறுத்திவைத்தார். அன்று பிற்பகல் இழுத்துவிடுவார் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டார். சி.பி.யு. அவர் மடியில், 15 அங்குல மானிட்டர், இன்றைய தகடுபோன்றதல்ல, நெல் மூட்டையை ஏந்தியதுபோல் கனத்தது, என் மடியில், கீபோர்டு டிரைவருக்குப் பக்கத்தில். கடையில் அண்டாக்களை ஒதுக்கி இடம்பண்ணி, ஒயர்களைப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். நடுவில் நல்வரவு, வரி ஓடியது, ஐந்து முகமும் நடுங்கி எரிந்தன, 10,001.

"இப்பப் பாருங்க, முதலாளி. நல்லாத் தெரியுதா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்னப்பட்சியிலிருந்து அடிப்பீடம் வரை நிதானமாகப் பார்த்தார். கல்லாவைத் திறந்து, பேசியபடி ரூபாயை எண்ணிக் கொடுத்தார். இழுத்துவிடுவார் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

"அதைத் தொடாதே, தம்பி" என்றார் முதலாளி. "தீபாவளிக்கு மச்சான் வர்றாரு. அவர் பார்க்கிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்."