ஒரே காந்தி, இரண்டு கணக்கு

பெறுநர்: அந்நியச் செலாவணித் துறை, இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.
அனுப்புநர்: உங்கள் ஏட்டில் 'வெளிநாடுவாழ்' ஆகிவிட்ட ஒருவன், நுஐமியா, அஜ்மான்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

ஏழு அமீரகங்களில் மிகச் சிறியது எங்கள் அஜ்மான். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. வரி என்ற ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துவிடக் கூடாது என்று அங்கிருந்தபடியே நீங்கள் காட்டும் அக்கறைக்கு முதல் நன்றி.

1970-இல் தொடங்கிய என்.ஆர்.இ. கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்சேஞ்சில் திர்ஹமைக் கட்டினால் ஊரில் ரூபாயாகிவிடும். வட்டிக்கு வரி இல்லை. வேண்டியபோது வெளியே கொண்டுவரலாம். ஆனால் பக்கத்திலேயே என்.ஆர்.ஓ. என்று இன்னொன்று வைத்திருக்கிறீர்களே! அப்பா விட்டுப்போன வீட்டின் வாடகை, கிளம்புவதற்கு முன் சேர்த்த சில்லறை எல்லாம் அதில்தான். அதன் வட்டியில் 30 சதவீதம், அதற்கு மேல் செஸ், ஆக 31.2 பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஒரே ஆள், ஒரே கிளை, நோட்டில் ஒரே காந்தி. ஒரு ரூபாய்க்கு மட்டும் பூர்வீகம் கேட்கிறீர்கள்.

என்.ஆர்.இ.யிலிருந்து என்.ஆர்.ஓ.வுக்குப் பணம் போட ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. திரும்பி வரத்தான் வழி இல்லாமல் இருந்தது. 2012-இல் மனம் இரங்கி அதையும் திறந்தீர்கள், நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை. சனையா என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கும் என் அறைத்தோழர் இந்த வரம்பைக் கேள்விப்பட்டதிலிருந்து, எங்கே தாண்டிவிடுவோமோ என்று சரியாகத் தூங்குவதில்லை.

வரம்பு தாராளம், வாசல்தான் ஒருக்களித்து நுழைகிற அளவு. நாங்கள் பழகிய பெயரில் சொன்னால் 15சிஏ, 15சிபி என்று இரண்டு படிவங்கள். முதலாவதை நானே நிரப்ப வேண்டும். இரண்டாவது ஆடிட்டர் தரும் சான்று. வரிக்குரிய தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது தேவை என்பது விதி. என் கிளையில் கவுன்ட்டரில் இருப்பவரோ, 40,000 ரூபாய்க்கு, "எதுக்கும் ஒரு 15சிபி வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்கிறார். இந்த 'எதுக்கும்' எந்தச் சுற்றறிக்கையில் வருகிறது என்று தெரிவித்தால் நானும் படித்துக்கொள்வேன்.

இந்திய - அமீரக இரட்டை வரி ஒப்பந்தப்படி அந்த 31.2-ஐ 12.5 ஆகக் குறைக்கலாமாம். அதற்கு இங்கே கட்டணம் கட்டி வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், 10எஃப் என்று நாங்கள் பழகிய படிவத்தை ஏற்ற வேண்டும். என் வட்டித் தொகையைப் பார்த்தேன், சான்றிதழ் கட்டணத்தைப் பார்த்தேன், 31.2-உடனேயே சமாதானமாகிவிட்டேன்.

நான் யார் என்பதிலும் ஒரு சந்தேகம். வேலைக்காக விமானம் ஏறிய அன்றே, 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி, உங்களுக்கு நான் வெளிநாடுவாழ். ஊர்ச் சேமிப்புக் கணக்கை உடனே என்.ஆர்.ஓ. ஆக்கியிருக்க வேண்டும். வருமான வரித் துறையோ அந்த ஆண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தேன் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். நடுவில் சில மாதம் நான் எங்கே வாழ்ந்தேன் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்து சொல்லவும். ஒரேயடியாக ஊர் திரும்பினால் மட்டும் இந்தக் குழப்பமே இல்லை. இறங்கியதும் என்.ஆர்.இ.யை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு வரி ஆரம்பம். பெட்டியைப் பிரிக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

வீட்டில் ஒரு வருத்தம். ஊரில் இருக்கும் மனைவியை என்.ஆர்.இ.யில் கூட்டாகச் சேர்க்கலாம், ஆனால் 'முன்னவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில்தான். நான் உயிரோடு இருக்கும்வரை, நான் எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தின் பேரில்தான் அவள் பணம் எடுக்க முடியும். விதியைப் படித்துக் காட்டினேன். "அப்ப நீங்க இருக்கறதுதான் தொந்தரவா?" என்று கேட்டாள். ஐ.எஸ்.டி. காலமாக இருந்தால் காசு போகிறது என்று போனை வைத்திருப்பேன். இணைய அழைப்பு என்பதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

உங்களுக்கு டாலர் தேவைப்படும்போது உங்கள் குரலே வேறு. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு ரீசர்ஜென்ட் இந்தியா பாண்டு, 2000-இல் மில்லேனியம் டெபாசிட். 2013-இல் ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்குச் சலுகை கொடுத்துச் சுமார் 2,600 கோடி டாலர் திரட்டினீர்கள். வெளிநாட்டு வங்கியில் கடன் வாங்கி அதில் போட்டு லாபம் பார்த்தவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் 'எதுக்கும்' என்று இழுத்ததாகக் கேள்வி இல்லை.

ஆகவே, அடுத்த முறை டாலர் தட்டுப்பாடு வந்து எங்களிடம் கேட்க நேர்ந்தால், அந்தத் தேவை உண்மையானதுதான் என்று ஓர் ஆடிட்டரிடம் சான்று பெற்று இரண்டு பிரதி அனுப்பவும். சுயசான்றொப்பம் ஏற்கப்பட மாட்டாது. அஜ்மானில் உங்களுக்குத் தூதரகம் இல்லாததால் துபாய் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிளம்ப வேண்டாம், ஷார்ஜா வழியில் வண்டி நகராது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
இரண்டு கணக்கின் ஒரே சொந்தக்காரன்