சும்மாதாண்ணே நிக்குது

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் அக்ரிலிக் பெயர்ப் பலகை, பள்ளி ஆண்டு விழாக் கேடயம், கல்யாணத் தாம்பூலப் பைக்குள் போடும் கீ-செயின் என்று லேசரில் வெட்டித் தரும் ஏதாவது ஒரு கடையில் எப்போதும் ஒருவர் தன் மிஷினை விற்றுக்கொண்டிருப்பார். விற்றுவிட மாட்டார், விற்றுக்கொண்டிருப்பார்.

இவர் பொய் சொல்லாதவர். இவரிடம் உள்ள ஆபத்தே அதுதான்.

விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1300-க்கு 900 பெட், 80 வாட், சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன். கூடவே ஒரு போட்டோ: மிஷின் நெற்றியில் சந்தனம், குங்குமம், பக்கத்தில் வாழைக்கன்று. ஆயுத பூஜை அன்று எடுத்ததாம். எந்த வருஷத்து ஆயுத பூஜை என்று வாழைக்கன்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

போன் போட்டு, "ட்யூப் எப்படிண்ணே?" என்றால், "மாத்தி ஒன்றரை வருஷம்தாண்ணே ஆச்சு" என்பார். உண்மை. பில்கூடக் காட்டுவார். ஆனால் லேசர் குழாயின் வயதை வருஷத்தில் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். எத்தனை ஆயிரம் மணி நேரம் எரிந்தது, எத்தனை மில்லி ஆம்பியரில் எரிந்தது என்பது மீதிக் கதை. அந்த மணிக்கணக்கு கன்ட்ரோலரிலேயே இருக்கும். அதை அழித்துப் பூஜ்யமாக்குகிற மகானுபாவர்களும் உண்டு. நம்மவர் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டார். மெனுவைச் சீன மொழியில் விட்டுவைத்திருப்பார், அவ்வளவுதான்.

"எங்கண்ணே ஓட்டினோம்? ஆர்டர் எடுக்க ஆள் இல்ல. சும்மாதாண்ணே நிக்குது."

இதைப் பெருமையாகச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடிக் குழாய்க்குச் சும்மா நிற்பதும் ஆகாது. உள்ளே கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றையும் கலந்து அடைத்திருப்பார்கள். மிஷின் ஓடினால் மின்சாரம் பாய்ந்து பாய்ந்து கரியமில வாயு சிதையும். ஓடாவிட்டால் ஹீலியம் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வேலை செய்தாலும் தேய்மானம், படுத்துக் கிடந்தாலும் தேய்மானம். அரசு உத்தியோகத்தில் இல்லாத ஜீவன் ஒன்று இப்படி வயதாவது அபூர்வம்.

"சைனா மிஷினாச்சேண்ணே" என்று இழுத்தால் அதற்கும் பதில் உண்டு. கரியமில வாயு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், பிறந்தது மகாராஷ்டிரத்துப் பாராமதியில். "கண்டுபிடிச்சது நம்ம ஆளுண்ணே. சைனாக்காரன் தகரம் மட்டும்தான் அடிச்சான்." இதுவும் ஏறக்குறைய உண்மை.

சிவகாசியில் பழைய ஆப்செட் மிஷினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே விலை சொல்லும் கில்லாடிகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் துணைக்குக் கூட்டி வந்தாலும் பிரயோஜனமில்லை. பல்சக்கரம் தேய்ந்தால் கத்தும், பேரிங் போனால் அலறும். லேசர் குழாய் கடைசி நாள் வரைக்கும் மூச்சுக் காட்டாது. நேற்று நொடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கை வெட்டிய இடத்தில், இன்று 8-க்கு இறக்கினால்தான் வெட்டும். அதற்கும் நம்மவர் முதலில் குழாயைச் சொல்ல மாட்டார். லென்ஸில் தூசி, கண்ணாடி அலைன்மென்ட், கரண்டு வோல்டேஜ், மதுரையிலிருந்து வந்த ஷீட் மட்டம் என்று வரிசையாக எல்லார் மீதும் பழி விழும்.

மிஷினைப் பார்க்க எப்போது வரலாம்?

"காலைல ஆறு மணிக்கே வந்துருங்கண்ணே. மலைக்காத்து ஜில்லுன்னு இருக்கும்."

ஜில்லென்று இருக்க வேண்டியது வருகிறவர் அல்ல, குழாயைச் சுற்றி ஓடும் தண்ணீர். சில்லர் என்று பெயர் எழுதிய அந்தப் பெட்டிக்குள் கம்ப்ரஸர் கிடையாது, விசிறிதான். வெளிக்காற்று எவ்வளவு சூடோ, தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு ராஜபாளையத்தில் அந்தத் தண்ணீர் என்ன பாடுபடும், அதை நம்பிய குழாய் என்ன பாடுபடும் என்பதை இவர் சித்திரை மாதங்களில் நேரில் கண்டவர். வேறு வழியில்லாமல் வெயில் நேரத்தில் ஆட்கள் வந்தால், தொட்டிக்குள் உறைந்த வாட்டர் பாட்டில் இரண்டு மிதக்கும். கேட்டால், "குடிக்கத்தாண்ணே."

அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் பால்கோவா டப்பா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பண்டத்துக்கு, எதிராளியின் விலையை இளக்கும் குணம் உண்டு என்று இரண்டு ஊரிலும் நம்பிக்கை. நம்மவர் மிஷினின் இரும்புச் சட்டத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "ட்யூப்பப் பத்திக் கேட்டாங்களா?" என்று தெலுங்கில் குரல் கொடுத்தார். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் உண்டு என்பதை அந்த அம்மா யோசிக்கவில்லை. "இன்னும் கேக்கலம்மா, கேக்கப் போறேன்" என்று தெலுங்கிலேயே பதில் சொன்னவர் வந்த இளைஞர்.

நம்மவர் அசரவில்லை. "அட, நம்மாளு!" என்று தோளில் கைபோட்டார்.

இளைஞர் பென் டிரைவில் ஒரு டிசைன் கொண்டுவந்திருந்தார். ஆண்டாள் கோயில் கோபுரம், பதினோரு நிலை, ஆறு மில்லிமீட்டர் எம்.டி.எஃப். ஆடிப்பூரத் தேருக்கு வரும் கூட்டத்துக்கு விற்க உத்தேசம். மிஷின் ஆரம்பித்தது. முதல் நாலு நிலையின் ஜன்னல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஐந்தாவதில் ஒன்றிரண்டு நின்றன. தண்ணீர் சூடேறச் சூடேற, ஏழாவது நிலைக்கு மேல் ஒரு ஜன்னல்கூட விழவில்லை. கோடு மட்டும் அழகாக விழுந்திருந்தது. குழாய்க்குள் இளஞ்சிவப்பாக எரிய வேண்டிய ஒளி வெளிறிக் கிடந்ததை இளைஞர் மூடியைத் திறந்து பார்த்தார். அந்த மூடியில் நம்மவர் ஒட்டியிருந்த முருகன் படம் கீழே விழுந்தது.

"கோபுரம்னா மேல கொஞ்சம் ஒட்டித்தான்ணே இருக்கும். புறா அடையுற இடம் பாருங்க."

விலைப் பேச்சு வந்ததும் 'அண்ணே' 'தம்பி' ஆனது. அதுவரை யார் வந்தாலும் அண்ணன்தான், கல்லூரிப் பையனாக இருந்தாலும்.

"ட்யூப் புதுசு வாங்கணும். அந்தக் காசைக் கழிச்சுக்குங்கண்ணே."

"ட்யூப்புக்கு நான் விலையே போடலையே தம்பி. மிஷினுக்குத்தான் விலை. ட்யூப் ஃப்ரீ."

"அப்ப அதை நீங்களே வச்சுக்குங்க, வேற விலை சொல்லுங்க."

"ஃப்ரீயாக் குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல தம்பி."

இளைஞர் மூன்று தடவை செருப்பு மாட்டினார், மூன்று தடவை கழற்றினார். பால்கோவா டப்பா வீட்டுக்குள் போய்க் காலியாகித் திரும்பி வந்த பிறகு, பாதிக் குழாயின் விலை குறைந்தது. யாருடைய பாதி என்று இரண்டு பேரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குழாயை மிஷினோடு சேர்த்து ஏற்றக் கூடாது. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் கண்ணாடி போய்விடும். கழற்றி, தண்ணீரை வடித்து, தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இளைஞர் முன்னால் போய்விட்டார். நம்மவர் ஓர் ஆள் கால் மடக்கிப் படுக்கும் நீளமுள்ள அந்தக் குழாயை மெத்தை விரிப்பில் சுற்றிக்கொண்டு, பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் மதுரை பஸ் ஏறினார்.

கண்டக்டர் வந்தார். "என்ன இது?"

"ட்யூப்புங்க."

"எவ்ளோ பெருசு! எத்தன வாட்டு?"

நம்மவர் முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எழுதியிருக்கது எண்பது. இப்ப ஐம்பது வந்தாலே அதிகம்ங்க."

கண்டக்டர் லக்கேஜுக்கு முழு டிக்கெட்டே கிழித்தார்.