முதலிடம் உண்டு, நாற்காலி இல்லை

2024 ஜூலை 7, பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த இரவு, பாரிஸின் ரிபப்ளிக் சதுக்கத்தில் இடதுசாரி வாக்காளர்கள் ஆடித் தீர்த்தார்கள். கருத்துக்கணிப்புகள் பொய்த்து, மரீன் லெ பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சி மூன்றாமிடத்துக்கு இறங்கிவிட்டது. இடதுசாரிக் கூட்டணியான புதிய மக்கள் முன்னணிக்கு முதலிடம். சுமார் 180 தொகுதிகள். பெரும்பான்மைக்கு 289 வேண்டும். அந்தக் கழித்தல் கணக்கை யாரும் போடவில்லை. கல்யாண வீட்டில் கடன் பேச்சு எதற்கு?

இந்த முதலிடத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கிய அன்றைய பிரதமர் எலிசபெத் போர்னை எதிர்த்து 2023இல் தெருத்தெருவாகக் கத்தியவர்கள் இவர்கள். மறு ஆண்டு, வலதுசாரியைத் தடுக்கவென்று சொந்த வேட்பாளரே விலகிக்கொள்ள, கல்வதோஸில் அதே அம்மையாருக்குக் குத்திவிட்டு வந்தார்கள். தொண்டைக்கட்டு முழுசாகச் சரியாகியிருக்குமா, தெரியாது.

அப்புறம் பிரதமர் வேட்பாளர். நான்கு கட்சிகள், ஒருவர் சொன்ன பெயர் அடுத்தவருக்கு ஆகாது. 16 நாள் இழுபறிக்குப் பின், பாரிஸ் மாநகராட்சியின் நிதி அதிகாரி லூசி காஸ்தே கிடைத்தார். பாதி நாடு அன்றுதான் அவர் பெயரையே கேள்விப்பட்டிருக்கும். அதிபர் மக்ரோனோ, ஒலிம்பிக்ஸ் முடியட்டும் என்றார். முடிந்தது. செப்டம்பர் 5 அன்று பிரதமரானவர் மிஷேல் பார்னியே. அவர் கட்சிக்கு ஐம்பது இடம்கூட இல்லை.

மறுபடி தெரு, மறுபடி முழக்கம். டிசம்பர் 4 அன்று பார்னியே கவிழ்ந்தார். கவிழ்க்க இடதுசாரிகளோடு சேர்ந்து வாக்களித்தவர்கள் யார்? லெ பென் கட்சிக்காரர்கள்தான்.