மாங்கா எறி: அறுவடை வயல் பந்துவீச்சு இலக்கணம் குறித்து ஒரு முன்னாய்வு

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், யாருக்கு எந்த வீடு என்பதையும்கூட வெட்டி வைத்திருக்கிறான். பந்து போடுகிறவனின் முழங்கை எவ்வளவு மடங்கலாம் என்பது பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வெல்லை வடக்கே கொள்ளிடம், தெற்கே கல்லணைக் கால்வாய். காலம், சம்பா அறுப்பு முடிந்த நாள் தொடங்கி மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரை. மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது ஏட்டு வழக்கு. அணை வறண்ட ஆண்டுகளில் ஆய்வுக்காலம் தானே நீளும். விவசாயிக்கு நட்டம், ஆய்வாளருக்கு லாபம். களம், உளுந்து தெளிக்காத வயல். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுகிறார்கள். அதில் மட்டையோடு இறங்கினால் வயல்காரர் நேரில் வந்து விதிகளை விளக்குவார். மீந்த ஒன்றிரண்டு வயலில்தான் ஆட்டம். வரப்பைத் தாண்டினால் நாலு. களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். விக்கி டென்னிஸ் பந்து வெடிப்புக்குள் போனால், கைவிட்டு எடுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மூல விதி. கையை மடக்கிப் பந்தை எறிவது மாங்கா. மரத்தில் கல்லெறிகிற அதே வீச்சு என்பதால் உரை வேண்டியதில்லை.

உலக வழக்கு இவ்வளவு எளிதல்ல. கை மடங்கியிருப்பது அங்கே குற்றமே இல்லை. தோள்மட்டத்துக்கு வந்த கை, பந்தை விடுவதற்குள் எவ்வளவு நிமிர்கிறது என்பதே கேள்வி. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் டேரல் ஹேர் என்ற நடுவர் முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு முறை நோ-பால் என்றார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. வழக்கு வளர்ந்து வளர்ந்து, 2005 முதல் 15 பாகை வரை நிமிரலாம், யாராயினும் சரி, என்று முடிந்தது. அதை அளக்கக் கேமராக்கள் பொருத்திய கூடம் நம் சென்னை போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலேயே உண்டு. சுனில் நரைன் போன்ற பந்துவீச்சாளர்கள் வந்து கையைக் காட்டிப் போயிருக்கிறார்கள்.

வயலில் கேமரா இல்லை. பேட்டிங் டீம் பையன் ஒருவன்தான் அம்பயர். அடுத்து இறங்க வேண்டியவன் என்பதால் அவன் கண் பந்தைவிட பேட்டின் மேலேயே இருக்கும். ஆனாலும் தீர்ப்பு தடைபடுவதில்லை. காரணம், இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு: மாங்காவைத் தீர்மானிப்பது முழங்கை அல்ல, ஸ்டம்ப். ஒருவன் மூன்று பந்து மாங்கா அடிக்கிறான், மட்டையாளர் மூன்றையும் வரப்புக்கு அனுப்புகிறார். அதுவரை அம்பயர் கணக்கில் கை நேராகவே இருந்தது. நாலாவது பந்து அரிதாளில் பட்டு எகிறி நடுக்குச்சியைச் சாய்க்கிறது.

“மாப்ள, மாங்கா அடிக்கிறடா!”

“மொத மூணு பால் அடிச்சப்ப எங்கடா போன?”

“அப்பவே சொல்லணும்னு பாத்தேன்.”

இந்த ‘அப்பவே சொல்லணும்னு பாத்தேன்’ என்பதே வயல் நீதியின் அச்சாணி. முன்தேதியிட்டுக் குற்றம் காணும் இவ்வசதி சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு இன்னும் கிட்டவில்லை. பந்து போட்டவன் பதிலுக்கு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, பந்தில்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டுவான். பந்தில்லாத கை எப்போதும் நேராகவே வரும். இதைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்பது நம் கருத்து.

பழைய இலக்கணக்காரர்கள் விதிகளையெல்லாம் சொல்லி, அடங்காததைப் புறனடையில் தள்ளினார்கள். இங்கே புறனடை வாண்டுகளுக்கு. ‘கீழ விட்டுப் போட்றா’ என்று அனுமதி கிடைத்தால் இடுப்புக்குக் கீழிருந்து உருட்டலாம். 1981 பிப்ரவரி 1 அன்று இதையே ஆஸ்திரேலியாவின் ட்ரெவர் சாப்பல் நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் செய்து இரு நாட்டுப் பிரதமர்களிடமும் வசை வாங்கினார். இன்றைய கிரிக்கெட் சட்டத்திலும் முன்கூட்டி ஒப்பந்தம் இருந்தாலன்றிக் கீழ்வீச்சு நோ-பால்தான். சாஃப்ட்பாலிலோ தலைகீழ்: கை இடுப்புக்குக் கீழே வந்து, மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பை விட்டு விலகாமல், கீழிருந்துதான் விட வேண்டும், மேலிருந்து போட்டால் குற்றம். பெண்கள் ஆட்டத்தில் 43 அடித் தூரத்திலிருந்து அப்படி வருகிற பந்தை நம் வாண்டுகளின் உருட்டலோடு ஒப்பிட்டால், ஆய்வாளர் ஹெல்மெட் அணிவது நல்லது.

மேல்முறையீடு பேட்டுக்குச் சொந்தக்காரனிடம். அவன் அவுட்டாகியிருந்தால் அது மாங்காதான்.