நெறஞ்ச நாளு

"தாத்தா, இன்னைக்கும் நாளைக்கும் உங்களுக்குச் சந்திராஷ்டமமாம். யாருகிட்டயும் கோவிச்சுக்காதீங்க" என்று பேத்தி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள். அவள் தலைக்கு நேர் மேலே, வேப்பமரத்து உச்சிக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், வளர்பிறை அஷ்டமி நிலா பாதி அப்பளமாக நின்றுகொண்டிருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்க்கவில்லை. என் ராசி தெரியும், அதற்கு எட்டாமிடத்தில் சந்திரன் எத்தனை மணிக்கு நுழைகிறது, இரண்டேகால் நாள் கழித்து எத்தனை மணிக்கு வெளியேறுகிறது என்று நிமிடக் கணக்காகச் சொல்லவும் அவளுக்குத் தெரியும். என் ஆத்தாவுக்கோ கடிகாரமே பார்க்கத் தெரியாது, ஆனால் பொழுது விழுந்து விளக்கு வைக்கிற நேரத்தில் நிலா வானத்தில் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும், இன்றைக்கு என்ன திதி, கோழி கூப்பிடும்போது வெளிச்சம் இருக்குமா இருக்காதா, மஞ்சள் நீராட்டுக்குப் போன மாமன் எந்நேரத்துக்கு வீடு வந்து சேருவார் என்பது வரை சொல்லிவிடுவாள்.

என் சின்ன வயதில், வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் எங்கள் தோட்டத்துச் சாளை வீடு இருந்தது. அப்போது எங்கள் ஊர் கோயமுத்தூர் மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டமாகி, அது ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறி, 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை, முகவரி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. சாளைக்கு மின்சாரம் வராத அந்த நாட்களில் எங்களுக்கு மாதத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. வெளிச்சப் பாதியில் வாசலில் கயித்துக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கடலைக்காய் உரிப்பதும், களத்தில் சோளக்கதிர் மிதிப்பதும், பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாய்ச் சேர்ந்து நிழலை மிதித்து விளையாடுவதும் நடக்கும். இருட்டுப் பாதியில் சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுவோம். நீங்களும் அப்படி ஒரு வாசலில் படுத்திருப்பீர்கள். புரண்டு படுத்தால் நிலாவும் கூடவே புரளும், நடந்தால் கூடவே நடக்கும். என் கூட மட்டும்தான் வருகிறது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

திதி சொல்லும் வித்தையை ஆத்தா எனக்கு நாழிகையில்தான் சொல்லிக்கொடுத்தாள். பௌர்ணமியன்று பொழுது மேற்கே இறங்கும்போதே நிலா கிழக்கே ஏறிவிடும். "பொறவு நாளுக்கு ரெண்டு நாழி பிந்தி வரும், அவ்வளவுதான் சாமி கணக்கு" என்பாள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டு நாழிகைக்கு 48. நிலா தினமும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதித்து உதிக்கிறது என்று பிறகு பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்தபோது, எங்கள் வாசல் திண்ணையில் கேட்ட கணக்கு அச்சில் ஏறியிருப்பதைக் கண்ட பெருமை எனக்கு. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி, முப்பது திதி சேர்ந்தால் ஒரு மாதம், அதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். திதி என்பது நாள் அளவில் ஒழுங்காக வெட்டிய துண்டு அல்ல, சந்திரன் ஓடும் வேகத்தைப் பொறுத்து 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை கூடும், குறையும். அந்த ஓட்டத்தைக் கணிக்கிற முறை வேறு வேறு என்பதால்தான் வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதக்காரரும் ஒரே ஏகாதசிக்கு வேறு வேறு நேரம் சொல்லி, ஊர்ச் சாவடியில் அதற்காக ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.

மூன்றாம் பிறையைப் பார்க்க ஆத்தா எங்களையெல்லாம் கூப்பிட்டு மேற்கே நிறுத்துவாள். அடுத்த நாள் நாலாம் பிறையை மட்டும் பார்க்கவே விடமாட்டாள், நாய் படாத பாடு படவேண்டிவரும் என்பாள், நாங்களும் கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் திரும்பி நிற்போம். அப்பாரு பார்க்கிற பார்வை வேறு. பிறையின் இரண்டு கொம்பில் எது உயர்ந்திருக்கிறது என்பதுதான் அவர் கவலை. ஆவணி புரட்டாசியில் வடக்குக் கொம்பு உயர்ந்து நின்றால், "ஐப்பசி மழை கைவிடாது" என்று சொல்லி வெதைகளை எடுத்து வெயிலில் போடச் சொல்லுவார். பங்குனி சித்திரையில் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், அப்போது வானத்திடம் எதையும் கேட்கமாட்டார். எங்கள் அட்சரேகையில் இது ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் நடக்கும். அந்தந்தப் பருவத்தில் சந்திரன் போகும் பாதை மேல்வானத்தில் சாய்ந்திருக்கும் சாய்வு அது. வடக்குக் கொம்பு மழையைக் கொண்டுவரவில்லை, மழை வரப்போகும் பருவத்தில் அது உயர்கிறது. அப்பாருவிடம் இதைச் சொல்லியிருந்தால் "ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு" என்றிருப்பார், ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் காலம் தள்ளுகிற எங்கள் பூமியில் அதற்கு மேல் நான் வாதாடியிருக்கவும் மாட்டேன். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினாலும் அப்படித்தான், எட்ட வட்டம் கிட்ட மழை என்று சொல்லிவிட்டு வைக்கோல் போரை மூடிவைப்பார்கள்.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது அமாவாசைதான். எங்கள் பக்கம் அதை "நெறஞ்ச அமாவாசை, நெறஞ்ச நாளு" என்பார்கள். நிலாவே இல்லாத நாளை நிறைந்த நாள் என்கிறார்களே என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். சூரியனும் சந்திரனும் ஒரே ராசியில் ஒன்றாக உட்காருகிற நாள், அப்பனும் ஆத்தாளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி, முன்னோர்கள் வாசலுக்கு வருகிற நாள், அதனால் நிறைவு என்றாள் ஆத்தா. சோதிடத்தில் சூரியன் தந்தைக்கும் சந்திரன் தாய்க்கும் காரகம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. வடக்கே பல ஊர்களில் அமாவாசையில் புதுக்காரியம் தொடங்கமாட்டார்கள். இப்போது எங்கள் ஊர்த் தறிகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் வடக்கத்திப் பையன்கள் வேலை செய்கிறார்கள். முதலாளி அமாவாசை பார்த்துப் புதுத்தறிக்குப் பூசை போடுவதை அவர்கள் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஒரே வானம்தான், ஒரே இருட்டுதான், எங்களுக்கு அது நிறைவு.

அந்த நிறைவில் பெரும்பங்கு மாடுகளுக்கு. அமாவாசையன்று ஏர் பூட்டக்கூடாது, கிணற்றில் கவலை ஓட்டக்கூடாது, வண்டியில் மாட்டைக் கட்டக்கூடாது. எங்கள் மயிலைக் காளைகள் இரண்டும் காங்கேயம் மாடுகள், கண்ணபுரம் சந்தையில் அப்பாரு சித்திரையில் பிடித்துவந்தவை. அன்றைக்கு அவற்றைக் குளிப்பாட்டி, கொழுக்கட்டைப்புல் நிறைந்த கொரங்காட்டில் அவிழ்த்துவிட்டால், வெள்வேல மரத்து நிழலில் படுத்து நாள் முழுக்க அசைபோடும். வீட்டில் ஆத்தா பகல் வரை பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வந்து கொத்துகிற வரை வாசலில் நின்று "கா... கா..." என்று கூப்பிடுவாள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அப்பாரு கொடுமுடிக்கோ பவானி கூடுதுறைக்கோ போய் ஆற்றில் முழுகிவிட்டு வருவார். வருகையில் எங்களுக்குப் பொரி வாங்கிவருவார். மாதத்தில் ஒரு நாள், வாயில்லாத ஒரு ஜீவன் வேலைக்குப் போகாமல் இருக்க வானத்தில் ஒரு காரணம் எழுதிவைத்திருந்தார்கள் என்று இப்போது நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

தேய்பிறைக்கும் வேலை இருந்தது. கூரைக்குக் கைமரம் வெட்டுவதானால் தேய்பிறையில்தான் வெட்டுவார்கள், வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்கும் என்பது பேச்சு. அப்பாரு வெட்டிவைத்த பனங்கை இன்னும் சாளைக் கூரையில் உளுக்காமல் கிடக்கிறது, அது பிறையினாலா, அவர் ஒரு வருடம் பொறுமையாகக் காயவைத்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிணறு வெட்ட ஆரம்பித்தது பரணியோ மகமோ வருகிற கீழ்நோக்கு நாளில். தென்னம்பிள்ளை வைத்தது ரோகிணி வருகிற மேல்நோக்கு நாளில். சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ அதைப் பார்த்து மேல், கீழ், சமம் என்று நாள் பிரித்திருந்தார்கள். சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர் தாளில் இன்னும் அது வருகிறது. ஆனால் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி எந்த நட்சத்திரத்துக்கும் காத்திருக்காது, நமக்குத் தேதி கிடைத்த அன்று ராத்திரியே வந்து, விடிவதற்குள் ஆயிரம் அடி இறக்கிவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கும் வளர்பிறை முகூர்த்தம்தான் என்று ஒற்றைக்காலில் நின்ற குடும்பங்கள், மண்டபம் கிடைக்கிற தேய்பிறை முகூர்த்தத்தில் சந்தோசமாகச் சீர் செய்கின்றன. பிள்ளைகள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

தை மாதத்தில் நிலாச்சோறு. பூசத்துக்கு முந்தைய ராத்திரிகளில் வீட்டுக்கு ஒரு வட்டல் சோறாகக் கொண்டுவந்து, நடுவில் வைத்து, பெண்பிள்ளைகள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். முடிந்ததும் எல்லார் வீட்டுச் சோறும் எல்லாருக்கும். எந்தக் குழம்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நிலா வெளிச்சத்தில் தெரியாது, அந்தக் கலவை ருசி எனக்குப் பின்பு எந்த விருந்திலும் கிடைக்கவில்லை. கும்மி போய்விட்டதென்று நான் ஏங்கிக்கொண்டிருந்தபோது அது பெருங்கூட்டமாகத் திரும்பி வந்தது. இன்றைக்குக் கொங்குநாட்டில் வள்ளி கும்மி அரங்கேறாத ஊர் குறைவு, தாயனூர் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. என் பேத்தியும் சலங்கை கட்டி ஆடினாள். மைதானத்தைச் சுற்றிப் பெரிய பெரிய விளக்குகள். அன்று பௌர்ணமி என்பதை வீடு திரும்புகிற வழியில், கொரங்காட்டு வேலியோரம் வண்டியை நிறுத்தியபோதுதான் கவனித்தோம்.

கிரகணம் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. 1980 பிப்ரவரி 16, மாசி அமாவாசை. எங்கள் ஊர் வீரக்குமாரசாமி கோவில் சிவராத்திரித் தேர்க்கடைகள்கூட இன்னும் கலையவில்லை. பெண்கள் உள்ளே போகாத அந்தக் கோவிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்திருந்த ஆத்தா, மத்தியானத்துக்கெல்லாம் எங்களை உள்ளே போட்டுக் கதவடைத்து, தண்ணீர்ப்பானையில் தர்ப்பை போட்டு, தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திவைத்தாள். கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சம் மங்கி மங்கித் திரும்பத் தெளிந்ததுதான் நான் கண்டது. 2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல் என்று போன கங்கணக் கிரகணத்தின் பாதை எங்கள் ஊர் தலைமேலேயே போனது. காலை ஒன்பதரை மணி வாக்கில் மொட்டைமாடியில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். நிலா சூரியனுக்குள் சரியாக உட்கார்ந்து, மூன்று நிமிடம் போல, சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம். நிறைந்த அமாவாசை என்று ஆத்தா சொன்னது அப்போது என் கண்முன்னால் நின்றது. அவளுக்குக் காட்ட முடியாமல் போயிற்றே என்று அழுதேன்.

நிலாவுக்குப் போகிறவர்களும் பிறை பார்த்துத்தான் போகிறார்கள். 2008-ல் போன முதல் சந்திரயானுக்குத் திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. மூன்றாவது சந்திரயானுக்கு முன்னால், நிலா மண் மாதிரியே இருக்கிறதென்று நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறையைப் பொடித்து இறங்கிப் பழகிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் அது இறங்கியது. அது வளர்பிறை சப்தமி. இறங்கும் இடத்தில் பொழுது விடியும் நேரமாகப் பார்த்து நாள் குறித்தார்கள், அங்கே ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள், அந்தப் பகல் முழுக்க வேலை செய்யலாம் என்பதற்காக. வளர்பிறையில் தொடங்கி, தேய்பிறையில் தூங்கவைத்தார்கள். தொலைக்காட்சி முன்னால் ஊரே கைதட்டியபோது, அப்பாரு இருந்திருந்தால் நல்ல நாள்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தலையசைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிற்று.

2012 வாக்கில் மின்வெட்டு ஆட்டிப்படைத்ததே, நினைவிருக்கிறதா? தறிகள் நின்றன, கூலி நின்றது, அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ராத்திரிகளில்தான் தெருவே மொட்டைமாடிக்கு ஏறியது. தறிச்சத்தம் அடங்கியதும் யாரோ ஒரு வீட்டில் குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற குரல் கேட்டது. நாற்பது வருடம் கழித்து என் மேல் நிலா வெளிச்சம் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

போன அமாவாசைக்கு உழவு ஓட்ட டிராக்டர் தம்பி கூப்பிட்டான். காளைகள் போய் இருபது வருடம் ஆகிறது, கட்டுத்தறியில் இப்போது என் இருசக்கர வண்டி நிற்கிறது. இருந்தும், "இன்னைக்கு நெறஞ்ச நாளுங்க தம்பி, நாளைக்கு வாங்க" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிங்கய்யா, நானும் ஊட்டுல பிள்ளைகளோட இருந்துட்டு வர்றனுங்க" என்றான்.