அஸ்தம்பட்டி வட்டாரக் கல்லூரிக் கால்பந்தில் நடுவர் நியமனம்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

ஆய்வு என்று ஒன்றைத் தொடங்க வேண்டுமானால் முதலில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும். 'இதுகாறும் எவரும் இப்பொருளைத் தொட்டாரில்லை' என்று முதல் பக்கத்திலேயே வருத்தப்பட வேண்டும். ஏன் தொடவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பாதி முனைவர் பட்டங்கள் திரும்பி வந்துவிடும். அந்த மரபைப் போற்றி நானும் வருந்துகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கால்பந்தில், காலிறுதி தொடங்கி இறுதி வரை, விசில் ஊதுபவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இதுகாறும் எவரும் தொட்டாரில்லை.

தொல்காப்பியமும் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இம்முறை தொல்காப்பியர் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்திருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்வானேன் என்று விட்டிருக்கிறார். இதே தூணின் மேல் இதைவிடக் கனமான நூல்கள் நின்றுகொண்டிருப்பதால் நானும் தைரியமாகச் சாய்கிறேன்.

ஆய்வு எல்லை சேலத்து அஸ்தம்பட்டி: ஏற்காட்டுக்கு ஏறும் சாலை ஒருபுறம், மத்தியச் சிறை ஒருபுறம், காந்தி ஸ்டேடியம் ஒருபுறம், நடுவே ரவுண்டானா. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியபோது சேலத்தோடு நாமக்கல்லும் தருமபுரியும் அதன் கீழ் வந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியும் அதற்குள்ளேதான். அத்தனை தூரமும் போய்க் களப்பணி செய்ய எண்ணியிருந்தேன். எல்லையை இறுதியில் வகுத்தது ஸ்கூட்டரில் இருந்த பெட்ரோல்.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லாமல் தமிழில் எந்த ஆராய்ச்சியும் செல்லாது. அஸ்தம்பட்டியை 'ஹ' போட்டு எழுதுவாரும் உளர். ஹஸ்தம் என்றால் கை. 'பட்டி' என்பதை ஊர் என்றும் தொழுவம் என்றும் பொருள்கொண்டு அறிஞர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அது 'பட்டு' என்பதன் திரிபு. உகரம் இகரமாவது நாக்கின் சௌகரியம். ஹஸ்தம் பட்டு, அதாவது கை பட்டு. கால்பந்தில் கை பட்டால் என்ன கேட்கும்? விசில். விசில் இருந்தால் அதை ஊத ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஒருவர் இருந்தால் அவரை யாரோ நியமித்திருக்க வேண்டும். ஆக, நடுவர் நியமனம் ஊரைவிட மூத்தது (வாய்மொழி, ரவுண்டானா டீக்கடை, இடது ஓர பெஞ்சு). 'கோல்கீப்பர் கை பட்டால் விசில் இல்லையே?' என்று மறுப்போர் உண்டு (அதே டீக்கடை, அதே பெஞ்சு, வேறு ஆள்). கோல்கீப்பருக்கு அந்தச் சலுகை பெனால்டி ஏரியாவுக்குள் மட்டுமே. ஊர் அதற்கு வெளியே இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடைத்துள்ளது (பஜ்ஜி மடித்த தாள், எண்ணெய் படாத பகுதி, வரி 4, எண்ணெய் பட்ட பகுதியில் பாடபேதம் உண்டு).

இனி உலக வரலாறு. கால்பந்து விதிகள் 17. ஐந்தாவது நடுவருக்கு, ஆறாவது மற்ற அலுவலர்களுக்கு. ஆதியில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள். அவர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் ஓரமாக நின்ற ரெஃப்ரியிடம் போவார்கள். 1891-இல் ரெஃப்ரியை மைதானத்துக்குள் கொண்டுவந்து, அம்பயர்களைக் கோட்டுக்கு அனுப்பி லைன்மேன் ஆக்கினார்கள். 1996-இல் லைன்மேன் 'துணை நடுவர்' ஆனார். அச்செய்தி ஏற்காட்டு மேகம்போல மலையோடு நின்றுவிட்டது. இங்கே இன்றும், "சார், லைன் நிக்கறீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நடுவர்களை மூன்றாக வகுக்கலாம்: ஊதுபவர், கொடி பிடிப்பவர், நான்காம் நடுவர்.

நான்காம் நடுவர்: நாற்காலி கிடைத்தால் உண்டு.

கொடி பிடிப்பவரை இளக்காரமாக எண்ணக் கூடாது. 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராக நின்ற கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டுக்காரர். நம் ஆட்டக்காரர்கள் எவரும் எட்டாத இடத்துக்கு ஒரு கொடி போய்வந்திருக்கிறது. திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவரானதையும் இங்கே சேர்க்க வேண்டும். அதற்குமேல் எழுதினால் கட்டுரை உருப்படியாகிவிடும் அபாயம் இருப்பதால் நிறுத்துகிறேன்.

நியமனக் கோட்பாட்டுக்கு வருவோம். ஏட்டில் உள்ளது எளிது: போட்டியை நடத்தும் கல்லூரி, மாவட்டச் சங்கத்திடம் நடுவர் கேட்கும், இரு அணிக்கும் வேண்டாதவராக ஒருவர் வருவார். 'வேண்டாதவர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் இருப்பது ஆட்டம் முடிந்த பிறகே தெரியும். நடைமுறையில், முதல் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் தோற்றுப்போன கல்லூரியின் பி.டி. சார் ஊதுவார். அவர் எப்படியும் அங்கேதான் இருக்கிறார். பையன்களைக் கூட்டிப்போகும் வேனோ மாலையில்தான் வரும். இதைச் சிலர் ஒழுங்கீனம் என்பார்கள். 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில், அர்ஜெண்டினா - மெக்சிகோ ஆட்டத்துக்கு ஊதியவர் உலிசஸ் சௌசேடோ. அவர் அதே போட்டியில் ஆடிய பொலிவியாவின் பயிற்சியாளர். ஆக, பி.டி. சார் முறை உலகக் கோப்பையின் மூல பாடத்திலேயே உள்ளது. பின்னால் வந்த ஒழுங்குதான் இடைச்செருகல்.

அந்த உலகக் கோப்பையே இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. இறுதி ஆட்டத்தில் உருகுவேயும் அர்ஜெண்டினாவும் யார் பந்தில் ஆடுவது என்று சண்டையிட்டு, பாதிக்கு ஒரு பந்தாக ஆடின. நடுவர் ஜான் லாங்கெனஸ், பெல்ஜியத்துக்காரர், கப்பலில் வந்தவர். பக்கத்து நாட்டுக்காரருக்குத் தொடக்கச் சுற்று, கப்பல் ஏறி வந்தவருக்கு இறுதி ஆட்டம். அமெரிக்காவிலும் இதே கதைதான். கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு பந்தைக் கையில் தூக்கி ஓடும் அந்நாட்டில், சிறு கல்லூரிகளுக்கென்றே மூன்றாம் பிரிவு உண்டு. 1973 முதல் அதன் இறுதி ஆட்டம் 'ஸ்டாக் பௌல்'. அங்கும் ஆடும் அணிகளின் கூட்டமைப்பைச் சேராத நடுவர் குழுவைத் தேடுகிறார்கள். ஆகவே என் கண்டுபிடிப்பு: நடுநிலை ஒரு குணமன்று, கிலோமீட்டர். சேலத்துக்காரர் சேலம் ஆட்டத்தில் ஊதினால் யாருக்காவது மச்சான், யாருக்காவது பழைய மாணவர். நாமக்கல்லில் பஸ் ஏறி வந்தால் சந்தேகம் பாதியாகக் குறையும். ஓசூரிலிருந்து வந்தால் அவரை யாருக்கும் தெரியாது, ஆகவே மகா யோக்கியர். ஆனால் கிலோமீட்டருக்குக் காசு வேண்டும். இங்கேதான் இந்த ஆய்வின் இதயமான 'டி.ஏ.' வருகிறது.

'டி.ஏ.' என்பது பயணப்படியைக் குறிக்கும் என்பது பஸ் மரபினர் கொள்கை. நாட்படியைக் குறிக்கும் என்பது சாப்பாட்டு மரபினர் கொள்கை. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு வேறு; தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே 'டி'. அரசு ஊழியர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பஞ்சப்படியும் வந்து சேர்ந்து மூன்றாம் மரபு உண்டாகிறது. "டி.ஏ. உண்டா சார்?" என்று நடுவர் கேட்க, "உண்டுங்க சார்" என்று அமைப்பாளர் சொன்னால், இருவரும் ஒரே பொருளைக் கருதினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பஸ் மரபினர் தம் கட்சிக்கு வவுச்சரைக் காட்டுவர் (நீலக் கார்பன் படி, மூன்றாம் பிரதி, முதலிரண்டும் தணிக்கையில் உள்ளன, நான்காவதைக் கரையான் உரை செய்துள்ளது). சாப்பாட்டு மரபினர் வேறொன்றைக் காட்டுவர் (பார்சல் பொட்டலத்தின் ரப்பர் பேண்டில் செருகிய துண்டுச்சீட்டு, முன்பக்கம் 'ரெஃப்ரி 3', பின்பக்கம் 'சாம்பார் தனி', 'தனி' என்பது 'இனி' எனவும் வாசிக்கத்தக்கது, அவ்வாறு கொண்டால் பொருள் முற்றிலும் மாறும், விரிவுக்குக் காண்க எனது அடுத்த கட்டுரை). ஆய்வாளர்கள் தம் முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டுவது வழக்கம். எனக்கு முந்தையது இல்லை.

ரெவின்யூ ஸ்டாம்பையும் தொட்டாக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் 1 ரூபாய் ஸ்டாம்ப் கட்டாயம். எந்த நடுவரும் அந்தத் தொகையைத் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்டாம்ப் கேட்கிறார்கள். மதிக்கப்பட்டதாக ஒரு தோற்றம் என்ற வகையில் இதை வரவேற்கிறேன்.

வினாநிரலும் தயாரித்தேன். நிரப்ப ஆள் கிடைக்காததால் நானே நிரப்பினேன். கையெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். இத்துறையில் முன்னோர் அதுகூடச் செய்வதில்லை.

இறுதியாக, பங்கேற்று நோக்கும் முறை. ஒருநாள் மாலை டீக்கடையில் கறுப்பு டி-ஷர்ட் அணிந்து நின்றிருந்தேன். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கல்லூரியின் மாணவர் ஓடிவந்து, "சார், நீங்கதானே லைன்? செமி ஃபைனல் நிக்குதுங்க சார், வாங்க" என்றார். கறுப்புதான் நடுவர் நிறம் என்று அவர் எங்கோ படித்திருக்க வேண்டும். நான் மறுப்பதற்குள் வண்டியில் இருந்தேன். ஒரு கொடிதான் இருந்தது, அதை மற்ற லைன் எடுத்துக்கொண்டார். எனக்குக் கொடுத்தது மஞ்சள் துண்டு. முதல் பாதியில் மூன்று முறை ஆஃப்சைடு தூக்கினேன். அதில் ஒன்று வியர்வை துடைக்க. ரெஃப்ரி மூன்றுக்கும் ஊதினார். அவர் நாமக்கல்லிலிருந்து வந்தவர், மிகுந்த நடுநிலையாளர்.

முடிந்ததும் அமைப்பாளர் வவுச்சரை நீட்டினார். அதில் வரவேண்டிய லைன்மேனின் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. "அவர் பேர்லயே போட்டுருங்க சார், மாத்தினா ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார். போட்டேன். டி.ஏ. எப்போது என்று கேட்டேன்.

"எந்த டி.ஏ. சார்?" என்றார்.