தேனி மாவட்டப் பாதரட்சையியல்: ஒரு பன்னோக்கு ஆய்வு

0. நோக்கம்

தேனி மாவட்டத்தில் நடக்கிறவர்கள் ஏராளம். எதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று முறையாக ஆராய்ந்தவர் எவருமில்லை. நடக்கிறவர்களுக்கு ஆராய நேரமில்லை, ஆராய்கிறவர்களுக்கு நடக்கும் பழக்கமில்லை. ‘இந்த இடைவெளியை இவ்வாய்வு நிரப்புகிறது’ என்று எழுதுவது மரபாதலால் இங்கும் எழுதப்பட்டது. ஆய்வின் எல்லை: கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய், மேற்கே போடிமெட்டு, தென்மேற்கே குமுளி. மேலே மேகமலை. கீழே கால்.

1. இலக்கியச் சான்றுகள்

பெரும்பாணாற்றுப்படையில் மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டு போகும் வணிகர் அடிபுதை அரணம் அணிகின்றனர். ஆகவே சங்க காலத்திலேயே போடி ஏலக்காய் வியாபாரிகள் கம்பூட்ஸ் போட்டிருந்தனர் என்பது பெறப்படும். (பெறப்படாவிடில் வலிந்து பெறுக.)

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் புகாரிலிருந்து மதுரைக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொண்டவை மூன்றே: பிச்சைப் பாத்திரம், தோளில் ஓர் உறி, கையில் மயிற்பீலி. இன்று மேகமலைக்குப் போய் மாலையே திரும்புகிறவரும் மூன்று பை தூக்குகிறார். ஒன்றிலும் பீலி இல்லை.

சிக்கல் கண்ணகியிடம் வருகிறது. வையைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறியபோது அவள் காலில் சிலம்பு இல்லை. கோவலன் கொண்டுபோனது பாண்டியன் அவையில் உடைந்தது, மற்றதை அவள் அங்கே கையில் ஏந்தி வந்திருந்தாள். செருப்பு இருந்ததா? இளங்கோ சொல்லாததால் இல்லை என்பர் ஒரு சாரார். இல்லாதிருந்தால் சொல்லி அழவைத்திருப்பார், சொல்லாததால் இருந்தது என்பர் மறு சாரார். இரு சாராரும் ஒரே கல்லூரியில், ஒரே துறையில் இருப்பதால் இதில் முடிவு எட்டப்பட வழியில்லை.

2. வகைப்பாடு

(அ) வெறுங்கால். மலைவாழ் பளியர் முதல், தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர், கம்பம் வழியே சபரிமலை போகிறவர் வரை பயன்படுத்துவது. அளவு பார்த்து வாங்க வேண்டியதில்லை. உச்சி வெயிலில் தார் ரோட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

(ஆ) ட்ரெக்கிங் ஷூ. ஜீப்பில் ஏறுவதற்கு உகந்தது.

(இ) டயர் செருப்பு. மலைமாடு மேய்ப்போர் அணிவது. முள் ஏறாது. கால் தேயும், செருப்பு தேயாது. (மேய்ப்பர் ஒருவர், வாய்மொழி, இடையில் மாடு வேறு பக்கம் போனதால் உரை முற்றுப்பெறவில்லை.)

(ஈ) கம்பூட்ஸ். மழைக்கால ஏலத்தோட்டத்துக்கு. அட்டை உள்ளே போகாது என்பது கோட்பாடு. உள்ளே போன அட்டை வெளியே வராது என்பது களத்தரவு. எனவே உப்பும் புகையிலையும் தனியே வேண்டும். (தோட்ட வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், ஜீப் பேருரை, பின் இருக்கைப் பதிப்பு; ஆய்வாளர் மடியில் சோற்றுத் தூக்கை வைத்தபின் அருளியது.)

(உ) ரப்பர் செருப்பு. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக வயலின் வரப்புகளுக்குத் தோதானது. வயலுக்குள் இறங்கினால் கால் மட்டும் வெளியே வரும், செருப்பு நாற்றோடு நாற்றாக நடப்பட்டுவிடும். வார் பிடுங்கிக்கொண்டால் அடியில் ஓர் ஊக்கு போதும். இதன் தத்துவப் பரிமாணம் அடுத்த இயலில்.

3. குச்சனூர்க் கோட்பாடு

சின்னமனூருக்கு அருகே, சுரபி நதிக்கரையில் உள்ளது குச்சனூர். சுயம்புவாகச் சனீஸ்வரர் எழுந்தருளிய தலம். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். கோயிலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த சனி தொலைந்தது என்பது தமிழர் துணிபு. சனியின் சொந்த ஊரிலேயே தொலைந்தால் என்னவாகும் என்பதை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை.

முதல் வினா: ஒற்றைச் செருப்பு மட்டும் தொலைந்தால்? ஏழரையில் பாதி, அதாவது மூன்றே முக்கால் ஆண்டு கழியும் என்பது என் அத்தையின் கணக்கு (வாசற்படி உரை, தொகுதி இரண்டு, என் காலைப் பார்த்தபடி). எந்தக் கால் என்பதைப் பொறுத்தது என்கிறார் மாமா (மேற்படி உரைக்கு மறுப்பு, திண்ணை வெளியீடு, அத்தை உள்ளே போனபின்).

இரண்டாம் வினா: வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தால் தொலைந்ததாகுமா? ஆகாது. தொலைத்தவர் குறைந்தது இரண்டு முறை குனிந்து தேட வேண்டும். ஒரு முறையாவது திட்ட வேண்டும். (செருப்புக் காவல் பாட்டி, டோக்கனின் பின்பக்கம், கரிக்கோட்டில், அழிந்த பகுதி ஆய்வாளரால் ஊகித்து நிரப்பப்பட்டது.)

மூன்றாம் வினாவே முதன்மையானது: எடுத்துப் போனவர் கதி என்ன? செருப்போடு சனியும் போகிறது. அவர் அதை வேறொரு கோயிலில் தொலைக்கிறார். அங்கிருந்து இன்னொருவர். இவ்வாறு மாவட்டத்தின் மொத்தச் சனி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இடம் மட்டும் மாறுகிறது. இந்தச் சுழற்சியில் ஈடுபடும் காலணிகளில் ட்ரெக்கிங் ஷூ விரைவாகவும் ரப்பர் செருப்பு மெதுவாகவும் நகர்கின்றன. ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு நகர்வதே இல்லை. இதிலிருந்து ஊக்கு உள்ளவனை விட்டுச் சனி போவதில்லை என்று ஒரு பள்ளியும், ஊக்கு உள்ளவனிடம் சனி வருவதே இல்லை என்று எதிர்ப்பள்ளியும் கிளம்பியுள்ளன. (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரக் கொள்கையினர், வலது ஓரத்தாரின் மறுப்புக்கு மறுப்பு, மூன்றாம் திருத்திய பதிப்பு, வடைத்தாளில் அச்சானது, எண்ணெய் பட்ட பக்கம்.)

4. துணைக்கருவிகள்

குடை: ஆடிக் காற்றில் விரித்தால் அது போகும் ஊருக்கே நாமும் போக நேரும். கொங்காணி: சாக்கை மடித்துத் தலையில் போட்டால் காற்றும் மழையும் மதிப்புக் கொடுக்கும். துண்டு: தலைப்பாகை, விரிப்பு, சும்மாடு, கட்டு, தனி நூல் எழுதப்படும்.

5. முறையியல் குறித்து

சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும் மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கிறது. லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து காட்டுவழி ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். கைப்பிள்ளையோடு அம்மாக்கள் ரப்பர் செருப்பில் ஏறுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பும் உண்டு.

கோவலனும் கண்ணகியும் போன வழியைக் காலால் தேடியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். 1963-இல் இதுவே கண்ணகி கோயில் என்று அடையாளம் காட்டினார். அவர் போட்டிருந்த செருப்பைப் பற்றி ஆய்வுலகம் கவலைப்படவில்லை. அவர் நடந்தது சரியான வழிதானா என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஐயுறுவதற்கு மட்டும் அதற்கு ஓய்வு இருந்தது. கண்ணகி தெற்குச் சரிவில் ஏறினாளா வடக்குச் சரிவில் ஏறினாளா என்று அடிக்குறிப்பில் அடித்துக்கொள்வோர் பலருக்கும் சரிவு என்பது வரைபடத்தில் கோடுகள் நெருங்கும் இடம்.

6. முடிபு

ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு, ஓர் ஊக்கு, ஒரு துண்டு, ஒரு பொட்டலம் உப்பு. பள்ளத்தாக்கு முழுவதற்கும் இவை போதும். இம்முடிபை இங்குள்ளவர்கள் ஆய்வுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பது ஆய்வின் பெருமையைக் குறைக்காது.

மறுப்புரைகள் வரவேற்கப்படுகின்றன. எழுதியவர் அடுத்த சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறி, கோயில் வாசலில் நேரில் கொடுக்க வேண்டும். ஜீப்பில் வரும் மறுப்புகள் பிரிக்காமலே திருப்பி அனுப்பப்படும்.